நாலு மூலையிலும் மஞ்சள் வைத்த காலண்டர்

காலையிலிருந்து புது ஆசிரியர்களான உங்களுக்குப் பாடம் நடத்துவது எப்படி என்று பாடம் நடத்தியிருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாடும் நன்றாக இருந்திருக்கிறது போல, பாதிப் பேர் கண்ணை மூடத் தயாராக உட்கார்ந்திருக்கிறீர்கள். தூங்குகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். வேலைக்காலம் முழுக்கக் கடைசி பெஞ்சுத் தூக்கத்தைப் பார்த்தவள் நான், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முழித்திருக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். புத்தகத்தில் பதில் இருக்கும் பாடத்தை நீங்கள் எப்படியும் ஒப்பேற்றிவிடுவீர்கள். பதில் இன்னும் வந்தே சேராத பாடத்தை எப்படி நடத்துவீர்கள்? எனக்கு அப்படிச் சில மாதங்கள் வாய்த்தன. வேலையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்ததும் அந்த மாதங்களில்தான்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம். காரியாபட்டிக்காரியான நான் சிவகாசியை அடுத்த தாயில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றலாகி வந்து ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆகஸ்டில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒரு விண்வெளித் தொலைநோக்கியை அனுப்பினார்கள். நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை விட்டுவிட்டு, வெப்பமாக வருகிற வெளிச்சத்தை, அதாவது அகச்சிவப்புக் கதிர்களைப் பார்க்கிற தொலைநோக்கி. அது ராக்கெட்டில் கிளம்புவதைச் செய்தியில் காட்டினார்கள். மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் மாரீஸ்வரி என்ற பெண் எழுந்தாள். வாய் கொஞ்சம் நீளம், மூளை அதைவிட நீளம்.

"டீச்சர், அது எப்ப வெடிக்கும்?"

வேறு ஊர்ப் பிள்ளைகள் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். இவர்களுடைய அப்பா அம்மாக்களில் பெரும்பாலோர் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். ராக்கெட் என்றால் திரி பற்ற வேண்டும், மேலே போக வேண்டும், அண்ணாந்து பார்த்த கழுத்து வலிக்கும் முன்னே பூ விரிய வேண்டும். இது வெடிக்காது, போய்ப் படம் எடுக்கும் என்று விளக்கினேன். அப்படியானால் படம் எப்போது வரும் என்று கேட்டார்கள். சில மாதங்கள் ஆகலாம் என்றேன். வகுப்பே சிரித்தது. சில மாதம் கழித்துப் பூ விரிகிற ராக்கெட்டைத் தாயில்பட்டியில் யாரும் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்பை விடக்கூடாது என்று தோன்றியது. தலைமையாசிரியரிடம் போய் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைக் கேட்டேன். படம் வருகிற வரைக்கும் அதைப் பற்றி ஏதாவது செய்துகொண்டிருப்போம் என்றேன். அவர் கறாரான மனுஷர், சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பது போல இருப்பார். கணக்கு வாத்தியார் அந்தப் பீரியடின் மேல் ஏற்கெனவே ஒரு கண் வைத்திருந்தார். ஆனாலும் தலைமையாசிரியர் என்ன நினைத்தாரோ, எனக்குக் கொடுத்துவிட்டார்.

கொடுத்ததோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தவர், உற்சாகம் தாங்காமல், "தீபாவளிக்குள் அந்தத் தொலைநோக்கியின் முதல் படம் வந்துவிடும், வருகிற வருடப் பள்ளிக் காலண்டரில் அதைத்தான் போடப் போகிறோம்" என்று அறிவித்துவிட்டார். எங்கள் பள்ளிக் காலண்டரை வருடா வருடம் இலவசமாக அடித்துக் கொடுப்பவர் சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, பெற்றோர் சங்கத் தலைவர். அவரும் முன்வரிசையிலிருந்து பலமாகத் தலையாட்டினார். மேடையில் உட்கார்ந்திருந்த நான் தீபாவளிக்கு இன்னும் எத்தனை வாரம் என்று விரல் விட்டு எண்ணினேன்.

சரி, வெள்ளிக்கிழமைகளுக்கு வருகிறேன். அவற்றை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

முதல் வெள்ளிக்கிழமை, கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரைக் கெஞ்சி அவருடைய கேமராவோடு வரவழைத்தேன். வீட்டிலிருந்து டிவி ரிமோட்டை நான் கொண்டுபோனேன். ரிமோட்டின் பட்டனை அழுத்தி அதன் முனையைப் பாருங்கள் என்றேன். ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். இப்போது அதே ரிமோட்டைக் கேமராவுக்கு நேரே நீட்டி, கேமராத் திரையில் பாருங்கள் என்றேன். திரையில் அந்த முனை ஊதா கலந்த வெள்ளையாக மினுக்கு மினுக்கென்று எரிந்தது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, கேமராவின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு வகுப்பு வகுப்பாக இருக்கவில்லை. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்கள். வீடியோக்காரர், மணமேடையில் கூடத் தனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து என் வீட்டு இஸ்திரிப் பெட்டி. லேபில் ஒரே ஒரு பிளக், அதிலும் கரண்ட் தன் இஷ்டத்துக்கு வரும். பெட்டியைச் சுட வைத்து, ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி, நான் பெட்டியை ஒரு முழம் தள்ளி ஏதாவது ஒரு பக்கம் பிடிப்பேன். எந்தப் பக்கம் என்று கன்னத்தால் சொல்ல வேண்டும். எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். வெப்பத்தைப் பார்ப்பது என்றால் என்ன என்று அவர்கள் கன்னத்துக்கே புரிந்தது. அடுத்த வாரம் அதே விளையாட்டு, ஆனால் முதலில் மைதானத்து வெயிலில் நின்றுவிட்டு வர வேண்டும். நம் ஊர் மத்தியான வெயில் உங்களுக்குத் தெரியும். முகம் கொதிக்க ஓடி வந்தவர்கள் திணறினார்கள். இடது என்றால் வலது, வலது என்றால் இடது.

"டீச்சர், எங்கன்னமே கொதிக்கி. இதுல பொட்டி சூடு எங்கன தெரியப் போவுது" என்றாள் மாரீஸ்வரி. சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். "அதான் அந்தத் தொலைநோக்கியும் படம் எடுக்காமக் கெடக்கா? அது ஒடம்பு இன்னும் குளுரலையா?"

நான் அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். தொலைநோக்கியின் உடம்பிலேயே சூடு இருந்தால் தூரத்து நட்சத்திரத்தின் சூடு அதற்குத் தெரியாது, அதனால்தான் அதைக் கடுங்குளிருக்குக் கொண்டுபோகிறார்கள், அதற்கு நாளாகும் என்று. என் ஒத்திகை வீணாகப் போனது. அந்தச் சந்தோஷத்தில் எல்லாருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். உங்களுக்கும் சொல்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டியதைப் பிள்ளை முந்திக்கொண்டு சொன்னால் முகத்தைத் தூக்காதீர்கள்.

பிறகு நிறம். வாராந்தரி ஒன்றில் வந்த பழைய விண்வெளிப் படங்களைக் காட்டியபோது, பச்சையைப் பார்த்து பேரியம் என்றார்கள், சிவப்பைப் பார்த்து ஸ்ட்ரான்ஷியம் என்றார்கள். பட்டாசு மருந்து தெரிந்த பிள்ளைகள் வேறு என்ன சொல்வார்கள்? இந்தப் புதுத் தொலைநோக்கி நிறத்தையே அனுப்பாது, கருப்பு வெள்ளையாகத்தான் அனுப்பும், நிறத்தை இங்கே உட்கார்ந்து நாம்தான் கொடுப்போம் என்று சொன்னதும், "அப்ப அது பொய்ப் படமா டீச்சர்?" என்று வந்தது கேள்வி. நான் மேசைமேல் கிடந்த அவர்களுடைய நோட்டுகளைப் பார்த்தேன். சிவகாசி பக்கம் நோட்டுக்கு அட்டை போட யாரும் காசு கொடுத்துத் தாள் வாங்க மாட்டார்கள். அச்சகத்தில் கழித்த தாள்தான். ஒரு நோட்டில் மஞ்சள் மட்டும் ஏறிய முருகன். இன்னொன்றில் மஞ்சளும் சிவப்பும் ஏறிய முருகன். நீலமும் கருப்பும் ஏறினால்தான் மயிலுக்கு மயில் நிறம் வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அச்சுப் பிளேட், அந்தப் பிளேட்டில் நிறமே கிடையாது, எந்த மையைத் தடவுகிறோமோ அந்த நிறம். அது பொய் முருகனா என்று திருப்பிக் கேட்டேன். ஒருத்தி தன் நோட்டை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்தாள். அன்று நோட்டுகளை வரிசையாக அடுக்கி ஒரு மயிலைப் படிப்படியாக உருவாக்கினோம்.

இப்படி நாங்கள் குதியாட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போதே தீபாவளி வந்தது, போனது. படம் வரவில்லை.

கேலி ஆரம்பித்தது. "என்ன சார், ஒங்க ராக்கெட்டு நமுத்துப் போச்சாமே" என்று டீக்கடையில் தலைமையாசிரியரைக் கேட்டிருக்கிறார்கள். பட்டாசு ஊரில் நமுத்துப் போன வெடி என்பதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. பள்ளிக்கூடத்திலும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எங்கள் பிள்ளைகளிடம் அதையே சொன்னான். மாரீஸ்வரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏலே, திரி பத்துன வெடி வெடிக்காமக் கெடந்தா, நமுத்துப் போச்சுன்னு கிட்டப் போயி குனிஞ்சு பாப்பியா? தள்ளித்தான நிப்ப? அப்படியே தள்ளி நில்லுலே."

பிள்ளைகள் தாங்கிக்கொண்டார்கள். தலைமையாசிரியரால் முடியவில்லை. ஊரறியச் சொன்ன வாக்கு அவருடையது அல்லவா? நவம்பர் கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், அண்ணாச்சி மெசின் காலியா இருக்கறது அடுத்த வாரம் மட்டும்தான். திங்கட்கிழமை காலண்டருக்குப் படம் போகணும். எப்படிக் கொடுப்பீங்களோ தெரியாது. இல்லைன்னா அந்தப் பீரியடு கணக்கு சாருக்கு."

"படமே வரலையே சார்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

புலி வாலைப் பிடித்த கதைதான். சிவகாசிக்கு பஸ் ஏறினேன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, "இதுக்குப் போயி ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுருக்கீக டீச்சர்" என்றார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். ராக்கெட் வெடிப் பெட்டிக்கு அடித்த லேபிள். கருநீல வானம், வாரி இறைத்த நட்சத்திரங்கள், நடுவில் ஒரு மஞ்சள் சுழல். ஓவியர் நன்றாகவே வரைந்திருந்தார்.

"இதப் பெருசு பண்ணிப் போட்டு, கீழ அந்தத் தொலைநோக்கி பேர அடிச்சிருவோம். யாரு மேல போயி பாத்துட்டு வந்து கேக்கப் போறா?"

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு தலையசைப்பில் எல்லாம் முடிந்துவிடும். தலைமையாசிரியர் மானம் பிழைக்கும், வெள்ளிக்கிழமை பிழைக்கும். ஆனால் என்றைக்காவது உண்மைப் படம் பேப்பரில் வரும். அன்றைக்கு மாரீஸ்வரி அதைக் காலண்டருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பாள். அதற்குப் பிறகு அந்த வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எந்த முகத்தோடு அவள் கன்னத்துக்கு நேரே இஸ்திரிப் பெட்டியைப் பிடிப்பது?

"அந்த எடத்தை வெறுமையா விட்ருங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் கையிலிருந்த கலர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். "என்ன டீச்சர் சொல்றீக? வருசம் பொறக்கையில வீட்டுச் சொவத்துல வெறுந்தாளையா மாட்டச் சொல்றீக? வெளங்குமா? நம்ம அச்சகத்துல இருந்து அப்படி ஒண்ணு வெளிய போனா நாளைக்கு ஒருத்தன் ஆர்டர் குடுப்பானா?"

அவர் பயம் நியாயமானது. காலண்டர் என்பது நம் வீடுகளில் தேதி பார்க்க மட்டுமா மாட்டுகிறோம்? வருடத்தின் முதல் நாள் அதன் முகத்தில்தானே முழிக்கிறோம்? வாக்குவாதம் செய்து பயனில்லை. சுற்றிப் பார்த்தேன். மேசையோரம் அன்றைக்கு அடித்து முடித்த கல்யாணப் பத்திரிகைக் கட்டு இருந்தது. மேலே இருந்த பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார்கள்.

"மஞ்சள் வச்சா?" என்றேன். "அந்த வெறும் எடத்தோட நாலு மூலையிலும் மஞ்சள் நெறத்துல பொட்டு மாதிரி அடிச்சு, நடுவுல சின்னதா, படம் வந்துகொண்டிருக்கிறது, அதுவரை உங்கள் பிள்ளை வரையட்டும் அப்படின்னு போட்டா?"

அண்ணாச்சி மோவாயைத் தடவினார். ஃபோர்மேனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவரும் மோவாயைத் தடவினார். "மஞ்ச வச்சுட்டா அப்பறம் கொறை சொல்ல முடியாதுல்லா" என்று ஒருவழியாக அண்ணாச்சி சொன்னபோது, எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

தலைமையாசிரியர் காலில் விழும் நிலைமைதான் அடுத்து வந்தது. காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காலண்டரைப் பார்த்தார். "அரைப் பரீட்சை லீவு விடறதுக்குள்ள படம் வரலைன்னா, ஜனவரியில அந்தப் பீரியடைப் பத்தி எங்கிட்டப் பேசக்கூடாது" என்றார். ஒரு காலண்டரை மட்டும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

பிள்ளைகளிடம் காலண்டரைக் கொடுத்து, வெப்பத்தைப் பார்க்கும் கண்ணுக்கு வானத்தில் முதலில் என்ன தெரியும் என்று யோசித்து வரையுங்கள் என்றேன். அடேயப்பா! புஸ்வாணம் வரைந்தவர்கள், அடுப்பு வரைந்தவர்கள், ஒரு மூலையில் கிரிக்கெட் மட்டையைச் சொருகியவர்கள். மாரீஸ்வரி என் இஸ்திரிப் பெட்டியை ஒயரோடு வரைந்து, சுற்றிலும் நட்சத்திரம் போட்டிருந்தாள். சில வீடுகளில் அம்மாக்களும் சேர்ந்து உட்கார்ந்து வரைந்திருந்தார்கள். கோலப் புள்ளிக்குள் இருந்த நட்சத்திரங்களைப் பார்த்தே கண்டுபிடித்தேன்.

பரீட்சை தொடங்கியது. தினமும் பள்ளி விட்டதும் சிவகாசி பிரௌசிங் சென்டருக்குப் போய்ப் பார்ப்பேன், வெறுங்கையோடு திரும்புவேன். கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் அண்ணாச்சியும் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்துவிட்டார். பக்கத்தைத் திறந்தால், முதல் படங்கள் வந்துவிட்டன என்று இருந்தது.  ஒரு படத்தை அழுத்தினேன். அந்தக் கால இன்டர்நெட், மேலேயிருந்து ஒவ்வொரு கோடாக, பாய் விரிக்கிற மாதிரி மெதுவாக இறங்கும்.

முதலில் கருப்பு. இன்னும் கருப்பு. "நமுத்துருச்சா டீச்சர்?" என்று அண்ணாச்சி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். அதற்குக் கீழே சிவப்பு எட்டிப் பார்த்தது. சிவப்பு தடித்தது, வளைந்தது, நெளிந்து நீண்டது. சாதாரணத் தொலைநோக்கியில் வெறும் கருப்பு மேகமாகத் தெரிகிற இடம். வெப்பத்தில் பார்த்தால் உள்ளே புதிதாகப் பிறந்த நட்சத்திரங்களோடு தணல் மாதிரி ஜொலிக்கிறது. கீழே எழுதியிருந்ததை வாசித்தேன்.

"இதுக்குப் பேரு யானைத் தும்பிக்கை மேகம் அண்ணாச்சி."

அவர் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். "மஞ்ச வச்சோம்லா," என்றார், "அவரு வராம இருப்பாரா."

நான் அறிவியல் டீச்சர்தான். அந்த நேரத்தில் அவரைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. எனக்கே கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வெளியே வரும்போது, அண்ணாச்சி மற்ற வேலையை நிறுத்திவிட்டு ராவோடு ராவாக அடித்து, காலண்டரில் விட்ட இடத்துக்குச் சரியாக வெட்டிய தும்பிக்கைப் படங்கள், மை வாசனை போகாமல், கட்டாக வந்து இறங்கின. ஒட்டச் சொன்னேன். யாரும் முழுதாக ஒட்டவில்லை. மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி, தூக்கிப் பார்த்தால் தாங்கள் வரைந்தது கீழே தெரிகிற மாதிரி ஒட்டினார்கள். மாரீஸ்வரி தன் இஸ்திரிப் பெட்டியையும் தும்பிக்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒயரு மட்டும் கொஞ்சம் ஒத்துப் போவுது டீச்சர்" என்றாள்.

தலைமையாசிரியருக்கு ஒரு படத்தை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் காலண்டர் மாட்டியிருந்தது. அதன் வெற்றிடம் வெற்றிடமாக இல்லை. பென்சிலால், அழித்து அழித்துத் திருத்தி, ஒரு சங்குசக்கரம் வரைந்திருந்தார். தரையில் கொளுத்தினால் சுழலுமே, அதேதான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து மறைக்கப் போனவர், பிறகு உட்கார்ந்துவிட்டார். மனுஷருக்குக் காது சிவந்துவிட்டது.

தும்பிக்கைப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "என்னுது தப்பு" என்றார்.

என்னிடம் இன்னொரு படமும் இருந்தது. அன்றைக்கு வந்தவற்றில் ஒன்று, தூரத்து நட்சத்திரக் கூட்டம் ஒன்றின் படம். அதை எடுத்து மேசைமேல் வைத்தேன். நடுவில் ஒரு பொட்டு, அதைச் சுற்றிச் சுழன்று விரியும் சிவந்த கைகள். அவர் அதைப் பார்த்தார். திரும்பித் தன் பென்சில் கோட்டைப் பார்த்தார். அந்தப் பள்ளியில் நான் இருந்த காலம் முழுக்க அவர் பல் தெரியச் சிரித்ததை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், அது அப்போதுதான்.

உங்களில் யாருக்காவது இப்படிப் பதில் வராத மாதங்கள் வாய்த்தால், பயந்துபோய் லேபிளை எடுத்து ஒட்டிவிடாதீர்கள். மூலையில் மஞ்சளை வைத்துவிட்டு நடுவைப் பிள்ளைகளுக்கு விடுங்கள். என்னிடம் இருக்கும் ஒரே உபதேசம் இதுதான்.

ஜனவரியில் பள்ளி திறந்த முதல் வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியடுக்கு என்ன உத்தரவோ என்று தயங்கியபடி வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் எல்லாரும் வழக்கத்துக்கு மாறாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் தலைமையாசிரியர் சட்டைப் பையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பிங்க டீச்சர்," என்றார். "அடுத்த படம் எப்ப வருது?"